தகெமுரா அழித்த கோடு

"ஏம்மா, இது மங்குன கோடா, அழிச்ச கோடா?" என்று ஜப்பான் நாட்டு விமான வடிவமைப்பாளர் தகெமுரா கனகாவிடம் கேட்டபோது, அவர் இறந்து நாற்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. திருநகர் மூன்றாவது நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் சௌரிராஜன் நடத்திவந்த வரைபட நகல் நிலையத்தில் அப்போது காலை பதினொன்றே கால் மணி. பதினான்கு பெண்கள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பதறி எழுந்திருக்கவில்லை. செத்துப்போன வடிவமைப்பாளர்கள் அங்கே வரத் தொடங்கி நாலு மாதமாகியிருந்தது, இவர் ஏழாவது ஆள். தண்ணீர் கேன் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை அஸ்வினி அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

அந்த வேலை திருநகருக்கு வந்த விதம் இது. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று, இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானங்களை வரைந்தவர்களிலும் கட்டிய கம்பெனிகளிலும் தலைசிறந்தவர்கள் யார் யார் என்று வரிசைப்படுத்திப் பெரிய படப் புத்தகம் போட நினைத்தது. அந்தக் காலத்து வரைபடத் தாள்களை அப்படியே அச்சிட முடியாது. எண்பது வருடத்துத் தாள்கள், பாதியைப் பூச்சி அரித்திருந்தது, பாதி நனைந்து காய்ந்தவை. அவற்றை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். இங்கே உள்ள பெண்கள் கோட்டின் மேல் கோடாகக் கணினியில் திரும்ப வரைந்து அனுப்ப வேண்டும். சௌரிராஜன் அதுவரை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் பிளான் நகலெடுத்துக்கொண்டிருந்தவர். விமானத்தில் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறார், மகள் ஸ்ரீவர்ஷினியைப் பார்க்கப் பெங்களூருக்கு. ஆனால் நகலெடுக்கும் தொழிலின் தர்மம் அவருக்குத் தெரியும். புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "உள்ளது உள்ளபடி வரையணும்மா. அவன் தப்பா வரஞ்சிருந்தா நீயும் தப்பா வரை. அவனவிட நீ புத்திசாலியா இருந்தா நம்ம கடைய மூட வேண்டியதுதான்."

இதில் ஒரே ஒரு இடத்தில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும். பழைய தாளில் மங்கலாகத் தெரிகிற கோடு இரண்டு வகைப்படும். வெயிலிலும் வயதிலும் மங்கிய கோடு ஒன்று, வரைந்தவரே வேண்டாமென்று ரப்பரால் அழித்த கோடு இன்னொன்று. மங்கிய கோட்டை வரைய வேண்டும். அழித்த கோட்டை விட்டுவிட வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் அழித்த கோட்டின் இரு பக்கமும் தாள் லேசாகப் பொங்கியிருப்பது தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்காகவே ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. வரைந்தவர் என்று ஒன்று, சரிபார்த்தவர் என்று ஒன்று. இரண்டிலும் கையெழுத்து விழாமல் தாள் வெளியே போகாது.

முதலில் வந்த வடிவமைப்பாளர் ஓர் ஆங்கிலேயர். முத்துமீனா அவருடைய விமானத்தின் வால் பகுதியை வரைந்துகொண்டிருந்தபோது படியேறி வந்தார். மரத்தால் விமானம் செய்தவராம், அங்கிருந்த மேசைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு எதுவுமே மரமில்லை என்று வருத்தப்பட்டார். அப்புறம் வேகத்தைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஜெர்மானியர் ஒருவர், சிறைக்குள் உட்கார்ந்து விமானம் வரைந்த ரஷ்யர் ஒருவர், மணிக்கொரு விமானத்தை வெளியே தள்ளிய அமெரிக்கத் தொழிற்சாலை முதலாளி ஒருவர், இப்படி. பெரியார் நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், சாயங்காலம் போய்விடுவார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. தங்கள் தங்கள் மொழியில்தான் பேசினார்கள். கேட்கிறவர் காதில் அது மதுரைப் பேச்சாக விழுந்தது. பத்தரை மணி உளுந்தவடைக்குப் பிறகு தங்களில் யார் சிறந்தவர் என்று சண்டை தொடங்கும். எத்தனை விமானம் செய்தோம் என்பதே பேச்சு என்பார் அமெரிக்கர். போனதில் எத்தனை திரும்பி வந்தது என்பதைப் பார் என்பார் ஆங்கிலேயர். உங்களுடையதெல்லாம் எங்கள் ஊர்ப் பனியில் இருமக்கூட இருமாது என்பார் ரஷ்யர். ஒருநாள் அஸ்வினி தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "கீழ நின்னவுகளையும் சேத்து எண்ணுனாத்தான சார் யாரு பெரிய ஆளுன்னு தெரியும்?" அன்றைக்கு மட்டும் சண்டை சீக்கிரம் முடிந்தது. தன் விமானத்தின் கடைசித் தாள் முடிந்ததும் ஒவ்வொருவரும் வருவது நின்றுபோகும்.

கனகா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் நிறுத்தவில்லை, அவளுடைய குரல் நிறுத்தியது. அது கிட்டே இருப்பவர்களுக்கு உடனே கேட்கும், மூன்று பெஞ்சுக்கு அப்பால் போய்ச் சேர இரண்டு நாள் எடுக்கும். வருகைப் பதிவில் அவள் திங்கட்கிழமை சொன்ன "உள்ளேன் டீச்சர்" புதன்கிழமைதான் மேசைக்குப் போகும். அதற்குள் வராதவள் என்று எழுதியாகிவிடும். வருகை நாட்கள் போதவில்லை என்று பரீட்சைக்கு விடவில்லை. அந்த வருடக் கோடை விடுமுறையின் முதல் இரண்டு நாளும் பூட்டிய வகுப்பறைக்குள் அவள் குரல் தனியாக வருகை சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டதாகப் பள்ளிக் காவலர் சுடலை சொன்னார். அதனால் பயன் ஒன்றுமில்லை. ஆனால் அவள் கை கோடு போடுவதற்கென்றே அமைந்த கை. ஒரு தாளில் நானூறு ஆணித் துளைகள் இருந்தால் நானூறையும் வரைந்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

அவள் தாள்களைச் சரிபார்த்தவன் பாண்டிராஜ். பாலிடெக்னிக் முடித்தவன், முப்பது வயது, அங்கே இருந்த ஒரே ஆண் ஊழியன். எல்லாப் பெண்களும் அவனைப் பாண்டியண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். கனகா மட்டும் கூப்பிடமாட்டாள், பக்கத்தில் போய் நின்று, "இங்க பாருங்க," என்பாள். "நம்ம எல்லாருக்கும் அண்ணே. இவளுக்கு மட்டும் இங்கபாருங்க. அது என்னடி மொறை?" என்று அஸ்வினி கேட்டதற்கு, பதிலாக அன்று முழுவதும் கனகா ஒரு இறக்கையின் மேல் குனிந்தே இருந்தாள். பாண்டிராஜ் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். இருவருக்கும் இடையில் அதற்குமேல் ஒன்றும் பேசப்பட்டதில்லை. பேசாமலே தை மாதம் வீட்டில் சொல்வது என்று முடிவாகியிருந்தது.

பாண்டிராஜின் வீடு திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரை ஊரில் இருந்தது. அந்த வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அலுமினிய மூடி ஒன்று உண்டு, அதன் ஓரத்தில் வரிசையாக ஆணித் துளைகள். பாண்டிராஜின் தாத்தா நல்லகாமன் நிலமில்லாத கூலி வீட்டுப் பிள்ளை. இருபது வயதில் கங்காணியோடு ரங்கூனுக்குப் போய் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று டிசம்பரில் ரங்கூனுக்கு மேல் ஜப்பான் விமானங்கள் வந்தன. அதற்குமுன் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லையாதலால் ஓடி ஒளியாமல் எல்லாரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். முன்னால் வந்த விமானத்தில் ஏதோ ஒரு குண்டு பட்டு, தீப்பிடித்து, ஆலைக்கு அந்தப் பக்கம் வயலில் விழுந்தது. அதை வேடிக்கை பார்க்கக் கூலியாட்கள் ஓடினார்கள், நல்லகாமனும் ஓடினார். திரும்பி வந்தபோது, மற்ற விமானங்கள் போட்ட குண்டில் அவர் நின்ற தெரு இல்லை. எரிந்த விமானத்தின் இறக்கைத் தகட்டில் ஒரு துண்டை முதுகில் கட்டிக்கொண்டு நாலு மாதம் நடந்து ஊர் வந்தார். தகடு மூடியானது. கல்யாணம் நடந்தது, ஆண்டிச்சாமி பிறந்தார், ஆண்டிச்சாமிக்குப் பாண்டிராஜும் தமிழ்வாணியும் பிறந்தார்கள். "எரிஞ்ச பிளேன் போட்ட பிச்சைதான்டா நாமெல்லாம்," என்று அந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சோறூட்டுவார்கள்.

ஐப்பசி மாதம் தகெமுராவின் குண்டுவீச்சு விமானம் கனகாவின் கணினிக்கு வந்தது. இறக்கைக்கு மட்டும் ஆறு தாள்கள். இறக்கைக்குள்ளேதான் பெட்ரோல் தொட்டி. ஆறு தாளிலும் அந்தத் தொட்டியைச் சுற்றி, ஒரு விரல் தள்ளி, இரண்டாவது கோடு ஒன்று இருந்தது. ஊதினால் போய்விடும் போன்ற கோடு. முதல் தாளைத் தொட்டதும் அவள் கையிலிருந்த மவுஸ் சுட ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் உள்ளங்கையில் ஒரு கொப்புளம் வந்தது. மறுநாள் இன்னொன்று. ஈரக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வரைந்தாள், கைக்குட்டை காய்ந்து மொறமொறத்தது. மூன்றாம் நாள், அந்த மங்கல் கோட்டை வரைந்தால் என்ன என்று தோன்றி அதன் மேல் கோடு போட்டாள். மவுஸ் பானைத் தண்ணீரைப்போலக் குளிர்ந்துவிட்டது. ஆறு தாளிலும் வரைந்தாள்.

பாண்டிராஜ் பெரிதாக்கிப் பார்த்தான். "இது அழிச்ச கோடுல்ல? தாளு பொங்கியிருக்கு பாரு." கனகா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தாளைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு சரிபார்த்தவர் கட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தாள்களுக்குக் கையெழுத்துப் போட்டான். ஆறாவது தாளைத் திறப்பதற்குள் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தாள் அப்படியே நின்றது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் தகெமுரா வந்தார். கக்கத்தில் ஒரு தகரக் குழாய், அதற்குள் மூலத் தாள்கள். மங்கின கோடா, அழித்த கோடா என்ற அவருடைய கேள்விக்குக் கனகா, "மங்குன கோடு சார்," என்று பொய் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா. நாந்தேன் வரஞ்சேன், நாந்தேன் அழிச்சேன். தொட்டியச் சுத்தி ரப்பர் உறை. குண்டு பட்டா ஓட்டைய அதுவே அடைச்சுக்கிரும். எடை கூடுது, அம்புட்டு தூரம் பறக்காது, எடுத்துருன்னாக பெரியவுக. ஆறு தாளுலயும் அழிக்க இருவது நிமிசம் ஆச்சு. பெறகு எம்புட்டு பேரு எரிஞ்சு விழுந்தான்னு எனக்குத் தெரியும். ஒரு விமானத்துக்கு ஏழு பேரு." கொப்புளங்களோடு இருந்த அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மூன்று வடை சாப்பிட்டார். போகும்போது பசுமலையைப் பார்த்து, நல்ல மலை என்று சௌரிராஜனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை, இறக்கையின் முதல் தாளை ஏற்றுக்கொண்டதாகப் பதிப்பகத்திலிருந்து தகவல் வந்தது. அதே நாள் பாண்டிராஜ் வீட்டுப் பானையின் மேல் அலுமினிய மூடி இல்லை, ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. ரங்கூனில் எண்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த விமானம் எரியவில்லை. குண்டு துளைத்தது, ரப்பர் ஓட்டையை அடைத்துக்கொண்டது, விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்ப்பதற்கு வயலில் ஒன்றும் விழவில்லை. கூலியாட்கள் நின்ற இடத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லகாமனும் நின்றார்.

பதிப்பகம் வாரத்துக்கு ஒரு தாளாக ஏற்றுக்கொண்டது. இரண்டாம் வெள்ளிக்கிழமை வீடும் வீட்டுக்குப் பின்னாலிருந்த இரண்டு ஏக்கரும் போயின. அங்கே ஒரு செங்கல் சூளை புகைந்துகொண்டிருந்தது, முப்பது வருடமாகப் புகைவதாக ஊரில் சொன்னார்கள். மூன்றாம் வெள்ளிக்கிழமை, டீ குடிக்கப் போன ஆண்டிச்சாமி திரும்பவில்லை, டீக்கடைக்காரருக்கு அப்படி ஒருவரைத் தெரியவில்லை. நாலாம் வெள்ளிக்கிழமை, கோயம்புத்தூரில் நர்ஸாக இருந்த தமிழ்வாணியின் எண்ணைத் தேனியில் ஓர் உரக்கடைக்காரர் எடுத்தார். ஐந்தாம் வெள்ளிக்கிழமை தாய் ராமக்காள். அவள் நல்லகாமன் வழியில் வந்தவள் இல்லையாதலால் மறையவில்லை, இடம் மட்டும் மாறினாள். ஆண்டிச்சாமி என்று ஒருவர் இல்லாதபோது அவளை வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள், செக்கானூரணிக்கு அப்பால், முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால். இதெல்லாம் முன்பு வேறு மாதிரி இருந்தது என்பது, தாளின் மூலையில் பெயர் உள்ள இரண்டு பேருக்கு மட்டுமே நினைவிருந்தது. பாண்டிராஜ் அலுவலகத்து மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். "பாண்டியண்ணனுக்கு எப்பவுமே வீடு வாசல் கிடையாதுல்ல," என்று அஸ்வினி தன் சோற்றில் பாதியைக் கொடுத்தாள், பல வருடங்களாகக் கொடுத்து வருபவளைப்போல.

மிச்சமிருந்தது ஆறாவது தாள். அது முடிந்தால் யார் போவார் என்பது இருவருக்கும் தெரியும். பாண்டிராஜ் அதைச் சரிபார்க்காமலே வைத்திருந்தான். சௌரிராஜன் நாள்தோறும் கேட்டார். கனகா எல்லாத் தாள்களையும் திரும்பத் திறந்து அந்தக் கோட்டை நீக்கப் பார்த்தாள். ஆனால் பதிப்பகம் அனுப்பிய ஸ்கேனிலேயே கோடு இப்போது மற்றக் கோடுகளைப்போலக் கன்னங்கரேலென்று இருந்தது. தாள் பொங்கிய தடம் எங்கும் இல்லை. சௌரிராஜனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "இருக்குல்லம்மா கோடு? இருக்கறத எப்படி எடுக்க? நான் உனக்கு மொத நாளே என்ன சொன்னேன்?" என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை.

அவள் தகெமுராவிடம் போய் நின்றாள். அவர் அப்போதும் நாள்தோறும் வந்து, ஆறாவது தாளுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தொடர்ந்து பத்து நிமிடம் பேசினாள். மூடியிலிருந்து ராமக்காள்வரை சொல்லி, மறுபடி அழித்துக் கொடுங்கள் சார் என்றாள். தகெமுரா சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டுப் புகைப்படங்களை எடுத்து அவள் மேசையில் அடுக்கினார். ரங்கூனுக்குப் போன அந்த விமானத்தில் எரியாமல் திரும்பிய ஏழு பேர். ஒருவர் தையற்காரர் ஆனார், ஒருவர் பள்ளி வாத்தியார், இருவர் மீன் விற்றார்கள், ஒருவருக்குக் குடியே தொழில். அவர்களுடைய பிள்ளைகள், பேரன்கள், பேத்திகள். எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு பேர், கடைசிக் குழந்தை போன மாதம் பிறந்தது, இன்னும் கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை.

"மறுபடியும் நானாம்மா?" என்றார். "ஒருக்கா அழிச்சதுக்கே செத்தும் ஓரிடத்துல உக்கார முடியல. உங்க ஊரு ஆளு போறது எனக்குக் கஷ்டம் இல்லன்னு நெனைக்காத. ஆனா என் கை மாட்டாது." தகரக் குழாயை அவள் மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில், ஒரு ஓரம் தேய்ந்த பழைய ரப்பரை வைத்தார். "இது அதே ரப்பர். ஆறாவது தாள் முடியிறதுக்குள்ள தேச்சா எல்லாம் பழையபடி ஆயிரும். முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் எதுக்கும் அசையாது. நான் இனிமே வரல." புகைப்படங்களைத் திரும்ப எடுத்துக் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குப் போனார்.

கனகா நாற்பத்தொரு பேரையும் நினைத்துப் பார்த்தாள் என்பது உண்மை. கண் திறக்காத குழந்தையையும் நினைத்தாள். நினைத்துவிட்டு, அழிப்பது என்று முடிவு செய்தாள். பாண்டிராஜ் பக்கத்தில் போய் நின்று, "இங்க பாருங்க. திங்கக்கிழம காலையில அழிச்சிருவேன்," என்றாள். அவன் தலையாட்டினான். அதற்குமுன் ஒரு தடவை அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டான். சௌரிராஜனின் டி.வி.எஸ். வண்டியை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இருவரும் செக்கானூரணிப் பக்கம் போனார்கள்.

ராமக்காள் வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அதே முகம், அதே மூக்குத்தி, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். "கேஸ் கம்பெனியா?" என்று கேட்டாள். தண்ணீர் குடிக்க நின்றோம் என்றான் பாண்டிராஜ். அவள் செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள், அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மெதுவாக் குடி தம்பி, பொரையேறிரும். எந்தூரு? எங்கயோ பாத்த மொகமா இருக்கு." திருநகர் என்றான். அவளுக்கு மூன்று மகன்கள். மூத்தவன் அழகுமலை டிராக்டர் ஓட்டுகிறவன், அடுத்தவன் தமிழ்மாறன் மில்லுக்குப் போகிறவன், அவன் வேலைக்குப் போயிருந்தான். கடைசி மகன் வெளியே வந்து, வந்தவர்களைப் பார்க்காமலே, மறுபடி உட்கார்ந்த தாயின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். "இருவத்தி ரெண்டு வயசாகுது, கழுதைக்கு இன்னும் மடி கேக்குது," என்று அவன் தலையில் ஒரு கொட்டு வைத்தாள். கொட்டிய கையை எடுக்காமல் முடியைக் கோதிவிட்டாள்.

"தம்பி பேரு?" என்று பாண்டிராஜ் கேட்டான்.

"பாண்டிராஜி. எங்கப்பா பேரு. பையன் பொறந்தா இந்தப் பேருதேன் வைக்கணும்னு கல்யாணத்துக்கு முந்தியே நெனச்சு வச்சிருந்தேன். மூத்தவனுக ரெண்டு பேருக்கும் இவுக வழியில வச்சுட்டாக. போராடி இவனுக்கு வாங்கினேன்."

பாண்டிராஜ் இன்னொரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். கிளம்பும்போது அவள் முந்தானையில் இருந்த கடலையில் இரண்டு கை அள்ளிக் கனகாவின் கையில் கொடுத்து, "கட்டிக்கப் போற பிள்ளையா? ரெண்டு பேரும் நல்லாயிருங்க," என்றாள். திரும்பி வரும் வழியில், நாகமலைப் பக்கம், பாண்டிராஜ் வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை கேட்டான்: "அந்த மூணு பேரும் எங்கிட்டுப் போவாக, கனகா?" பின்னால் உட்கார்ந்திருந்த அவள் பதில் சொன்னாள். எதிர்க்காற்று. அது அவன் காதுக்கு எப்போது போய்ச் சேரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

புத்தகம் அடுத்த ஆனியில் வந்தது. வழவழப்பான தாளில் எழுநூறு பக்கம். சிறந்த வடிவமைப்பாளர்கள் வரிசையில் தகெமுராவுக்கு நாலாம் இடம், தன் வீரர்களின் உயிரைப் பெரிதாக மதித்தவர் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். சௌரிராஜன் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். இறக்கைத் தாள்களின் மூலையில் சரிபார்த்தவர் என்ற கட்டம் காலியாக இருப்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நிலையத்தில் சரிபார்ப்பதற்கென்று தனி ஆள் எப்போதுமே இருந்ததில்லை என்று அஸ்வினி சொல்கிறாள், பெண்கள் ஒருவர் தாளை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் வழக்கமாம். செக்கானூரணிக்கு அப்பால் ராமக்காள் வீட்டில் கடைசி மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். தகரக் குழாய் கனகாவிடம்தான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் தாள்களில் அந்தக் கோட்டின் மேல் ரப்பரை வைத்துத் தேய்த்தால் கல்லில் தேய்ப்பதுபோல வழுக்குகிறது. அவள் மாதத்துக்கு ஒரு தடவை தேய்த்துப் பார்க்கிறாள். இப்போது எல்லாரையும்விட அவளுக்குத்தான் வேகம் அதிகம், தப்பும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை நடந்தது இவ்வளவுதான். காலை ஒன்பது மணிக்குக் கனகா மூலத் தாள்களை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் கனம் வைத்து, ரப்பரைக் கையில் எடுத்தாள். எடுத்த உடனே உள்ளங்கை பொரிந்துகொண்டு வந்தது. கொப்புளம் ஒன்றின்மேல் ஒன்றாக எழும்பி, தோல் கருகும் வாடை அறை முழுவதும் பரவியது. முத்துமீனா மூக்கைப் பொத்திக்கொண்டு யாருடைய சோறு தீய்கிறது என்று கேட்டாள். கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வரக் கனகா குழாயடிக்குப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டித் திரும்பியபோது, எதிர்மேசைக் கணினியில் ஆறாவது தாள் திறந்திருந்தது. மூலையில் இரண்டு கட்டங்களிலும் கையெழுத்து இருந்தது. பதிப்பகத்தில் அந்தத் தாளுக்காகவே காத்திருந்தவர்கள், உடனே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பாண்டிராஜ் எழுந்து நின்றிருந்தான். கணினியை அணைத்தான். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினான். திறக்காத சோற்று டப்பாவை எடுத்து முத்துமீனாவின் மேசை ஓரத்தில் வைத்தான். கனகாவின் துணி சுற்றிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பதினான்கு மேசைகளுக்கு நடுவே நடந்து போனான். அஸ்வினி தலையைத் தூக்காமலே, யாரோ பெருக்க வந்ததுபோல, காலை மட்டும் ஒதுக்கி வழிவிட்டாள். மாடிப்படி பதினெட்டு. பத்தாவது படிவரை செருப்புச் சத்தம் கேட்டது.